இயந்திரம் தவறினால் தண்டனை தொழிலாளிக்கா?

விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் நாடு எந்த வழியில் போக வேண்டும் என்று மத்திய அரசு அவ்வப்போது ஒரு கொள்கை அறிக்கை வெளியிடுவது வழக்கம். 1958-இல் நேரு காலத்தில் ஒன்று வந்தது. 1983-இல் இந்திரா காந்தி காலத்தில் இன்னொன்று. பிறகு 2003-லும் 2013-லும் வந்தன. ஐந்தாவது கொள்கைக்கான நகலை 2020 டிசம்பர் 31 அன்று வெளியிட்டார்கள். பொதுமக்கள் தங்கள் யோசனைகளை 2021 ஜனவரிக்குள் அனுப்பலாம் என்றும் அறிவித்தார்கள்.

பொதுமக்கள் என்றால் யார், தோழர்களே? தாராவியில் தோல் பை தைக்கிறவர் பொதுமக்களில் சேர்த்தியா? விடியற்காலையில் இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகப் போகும் அண்ணாச்சி சேர்த்தியா? கட்டிட வேலையில் சித்தாளாக இருக்கும் நம் தாய்மார்கள் சேர்த்தியா? ஆங்கிலத்தில் எழுதிய நகலைக் கணினியில் தேடிப் படித்து, ஆங்கிலத்திலேயே பதில் எழுத முடிந்தவர்கள் மட்டும்தான் அந்தப் பொதுமக்கள் என்றால், உழைக்கும் மக்களிடம் யாருமே கேட்கவில்லை என்றுதான் பொருள்.

"சிப்பு செய்வதும் செயற்கை அறிவு செய்வதும் பெரிய படிப்பாளிகள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். நமக்குத்தான் முதலில் வேண்டும்! ரேஷன் கடையில் அரிசி கிடைக்குமா என்பதை இன்று ஒரு இயந்திரம் முடிவு செய்கிறது. ஊருக்குப் போக தட்கல் டிக்கெட் கிடைக்குமா, பி.எப். பணம் கைக்கு வருமா, முதியோர் பென்ஷன் நிற்குமா என்பதெல்லாம் இயந்திரத்தின் கையில் போய்விட்டது. நம் வயிற்றைத் தொடுகிற விஷயத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாதா?

கணினியே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். ரயில்வேயில் வேலை பார்க்கிறவன், கணினி செய்த நன்மை எனக்குத் தெரியும். 1980-களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்குவதற்கு முன்னால், பேரேட்டைப் புரட்டி, பெயரைக் கையால் எழுதித்தான் படுக்கை ஒதுக்கினார்கள். ஊருக்குப் போனவன் திரும்பி வருவதற்கு இடம் வேண்டுமானால் தந்தி கொடுத்துவிட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திருக்க வேண்டும். இன்று பம்பாய் கவுண்டரில் நின்றுகொண்டே திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை வாங்கலாம். இது தொழிலாளிக்குக் கிடைத்த லாபம். மறுக்கவில்லை.

பணம் செலவழிப்பதையும் நாம் எதிர்க்கவில்லை. சிப்புத் தொழிலுக்கு 2021-இல் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். செயற்கை அறிவுக்கு 2024-இல் 10,000 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். ஆராய்ச்சிக்கும் புதுமைக்கும் என்று 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடித் திட்டத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. நாடு முன்னேறட்டும். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இயந்திரம் தவறு செய்தால் அதன் நஷ்டம் யார் தலையில்?

ரேஷனை எடுத்துக்கொள்வோம். "ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஊரில் உள்ள கார்டை வைத்துப் பிழைக்கப் போன இடத்தில் அரிசி வாங்கலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையில் விரல் ரேகை பதிய வேண்டும். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் புழங்குகிறவனுக்கு, பிறர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு, விரலில் ரேகை எங்கே இருக்கிறது? உழைத்து உழைத்துத் தேய்ந்துபோன விரலை இயந்திரம் "யாரோ" என்கிறது. உழைக்காத விரலை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது!

இயந்திரத்தைக் காரணம் காட்டி யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. எந்தச் சூழ்நிலையில் எழுதியது? ஜார்க்கண்டில் ஆதாரோடு இணைக்கவில்லை என்று ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டை ரத்து செய்து, அந்த வீட்டின் பதினொரு வயதுச் சிறுமி இறந்துபோனாள். பட்டினியால் செத்தாள் என்று தாய் சொன்னார். இல்லை என்று அரசாங்கம் சொன்னது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அந்த உத்தரவு தெரியாது. திருப்பி அனுப்பியவனுக்கு அதனால் ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. வியாதி இங்கேதான் இருக்கிறது.

டிக்கெட்டிலும் இதே கதைதான். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் எடுக்கும் தட்கல் டிக்கெட்டுக்கு ஆதாரோடு இணைந்த போனில் வரும் ரகசிய எண் தேவை என்று ஆக்கினார்கள். தரகர்களை ஒழிக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் நம் ஆட்களில் எத்தனை பேர் ஆதார் எடுத்தபோது கொடுத்த பழைய சிம்மை இன்னும் வைத்திருக்கிறார்கள்? ஊரில் அம்மா இறந்துவிட்டாள் என்று ஓடி வருகிறவன், முதலில் ஆதார் மையத்தில் வரிசையில் நின்று நம்பரை மாற்றிக்கொண்டு வரவேண்டுமா?

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் நடந்தே ஊருக்குப் போனார்கள். மே 8 அன்று மகாராஷ்டிரத்தில் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று அந்த செப்டம்பரில் பாராளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்று அரசு பதில் சொன்னது. நம் விரல் ரேகையையும் கண்மணியையும் எண்ணி வைத்திருக்கிற அரசாங்கத்திடம் நம் சாவுக்குக் கணக்கு இல்லை! பிறகு சுப்ரீம் கோர்ட் நெருக்கியபின், 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவு வந்தது. 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதை 22 மொழிகளிலும் ஆக்கினார்கள். இதைப் பாராட்டுவோம். மனம் வைத்தால் நம் மொழியிலும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே நம் யோசனைகள் இவை.

முதலாவது, கொள்கை நகல்கள் எட்டாவது அட்டவணையின் எல்லா மொழிகளிலும் வரவேண்டும். இது வீண் ஆசை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நகலை அந்த மொழிகளில் எல்லாம் வெளியிடும்படி டில்லி ஐகோர்ட் உத்தரவிட்டது.

இரண்டாவது, இதுவே முக்கியமானது. இயந்திரம் மறுத்தால் முதலில் பொருளைக் கொடு, பிறகு விசாரணை செய். பேரேட்டில் கையெழுத்தோ பெருவிரலோ வாங்கி அரிசியை அன்றே கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் அந்தத் துறை நஷ்டஈடு தரவேண்டும். இதைச் சுற்றறிக்கையாக விடாமல் சட்டமாகப் போட வேண்டும். "அப்படியானால் திருடர்கள் புகுந்துவிடுவார்களே" என்பார்கள். விரல் ரேகை ஆளைச் சரிபார்க்கும், தராசைச் சரிபார்க்காது. ரேகை பதிந்த பிறகும் ஐந்து கிலோவுக்கு நாலு கிலோ போடுகிற கடைக்காரனை எந்த ரேகை பிடித்தது?

மூன்றாவது, 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராத கார்டுக்கு வெளிமாநிலத்தில் அரிசி இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் கார்டு உண்டு, ஆனால் நம்மவர்களில் ஏராளமானோரின் கார்டு இங்கே செல்லாமல் போவது இதனால்தான். இந்தக் குறை இயந்திரத்தில் இல்லை, கொள்கையில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

நான்காவது, உயிர் காக்கும் இயந்திரத்துக்கு முதல் பணம். சாக்கடைக் குழியில் இறங்கும் இயந்திரத்தை 2018-லேயே திருவனந்தபுரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். பின் ஏன் இன்னும் மனிதன் இறங்கிச் சாகிறான்? தண்டவாளத்தில் வேலை செய்யும் கேங்மேனுக்கு ரயில் வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவியும் உண்டு. அது ஒவ்வொரு கேங்மேன் கைக்கும் வரவேண்டும்.

இவை புதிய கோரிக்கைகள் அல்ல. எல்லாத் தரப்பினருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் நலிந்தவர்களுக்கும், இயன்ற அளவு அதிக வேலை தருவது தொழில்நுட்பத்தின் குறிக்கோள் என்று 1983 அறிக்கையே சொன்னது. அரசு தன் வாக்கைத் தானே நினைவு வைத்துக்கொள்ளட்டும்.

தோழர்களே, தாய்மார்களே! கிளைக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். ரேஷன் கடையிலோ கவுண்டரிலோ இயந்திரத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், தேதி, இடம், சொன்ன காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்த நோட்டுகளோடு நம் மனு டில்லிக்குத் தமிழிலேயே போகும். அடுத்த கொள்கை நகலைக் கையில் எடுக்கும்போது, தேய்ந்த விரல்களுக்கும் ஒரு கருத்து உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.