கடலுக்குப் பூட்டு, அப்புறம்?

முருதேஸ்வரம் கடற்கரையை மூடியதோடு வேலை முடிந்தது என்று கர்நாடகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நினைத்தார்கள். 2024 டிசம்பர் 10 அன்று கோலார் மாவட்டத்து அரசு உறைவிடப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் அங்கே அலையில் சிக்கி இறந்தார்கள். பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம், உடன் வந்த ஆசிரியர்கள் கைது, குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய், கடற்கரைக்குத் தடை என்று எல்லாம் மளமளவென நடந்தன. இந்தச் சுறுசுறுப்பு டிசம்பர் 9 வரை எங்கே போயிருந்தது?

கோலாரில் கடல் கிடையாது. அங்கே படிக்கும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அரபிக்கடலைக் காட்ட மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அழைத்துப்போனது குற்றமல்ல. அலையின் இழுப்பு எங்கே அதிகம், எந்த நேரத்துக்கு மேல் யாரையும் தண்ணீரில் இறங்க விடக் கூடாது, நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒன்றாக வந்தால் கரையில் எத்தனை பேர் காவல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பஸ் ஏறும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டியவை. முருதேஸ்வரத்தில் ஆட்கள் மூழ்கியது இது முதல்முறையும் அல்ல.

தடையால் நேரப்போவது வேறு. இனி எந்தத் தலைமையாசிரியர் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடுவார்? காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் கோடை முகாமுக்குப் பணம் கட்டிவிட்டு மலையேறுவார்கள், படகு ஓட்டுவார்கள். வகுப்பறையோடு நின்றுபோகப் போவது அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான்.

அவர்கள் இழப்பது வெறும் உல்லாசம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கியபோது, வயதில் மூத்த மாலுமிகள் தாக்குப்பிடித்த இடத்தில் இளைஞர்கள் சீக்கிரம் மனம் தளர்ந்து மடிந்தார்கள் என்ற கவலையிலிருந்துதான் 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹான் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பயத்தை அடக்குவது, களைத்தவனுக்காக நின்று காத்திருப்பது, வழி தவறினால் யோசிப்பது ஆகியவற்றைப் பாடப்புத்தகத்தால் பழக்க முடியாது.

விபத்து நடந்த மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? 2015 ஜூனில் மலேசியாவின் கினபாலு மலை நிலநடுக்கத்தில் சிங்கப்பூரின் ஒரு தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த ஏழு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும், உடன் சென்ற வழிகாட்டியும் இறந்தார்கள். நாடே துக்கம் அனுசரித்தது. வெளிநாட்டுச் சாகசப் பயணங்களை அரசு நிறுத்தியதும் உண்மை. ஆனால் மறு ஆண்டே, உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவருக்கும் ஐந்து நாள் சாகச முகாம் என்ற திட்டத்தை அதே அரசு அறிவித்தது. பிரிட்டனில் 1993இல் லைம் விரிகுடாவில் கயாக் ஓட்டப் போன நான்கு மாணவர்கள் இறந்தபோது, முகாமை நடத்திய நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றவாளியானது. அதன் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995இல் முகாம்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அங்கே யாரும் கடலை மூடவில்லை.

கர்நாடகத்தில் பூட்டுதான் எப்போதும் முதல் மருந்து. 2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அத்தனை பேரை மலையடிவாரத்தில் அனுமதித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. உடனே, இணையப் பதிவு வசதி இல்லாத மலைத்தடங்களுக்கெல்லாம் தடை. பதிவுக்கு ஓர் இணையதளம் தயாராகி மலைத்தடங்கள் மீண்டும் திறக்க அக்டோபர் ஆனது. ஓர் இணையதளத்துக்கு எட்டு மாதம்! ஜெனரல் திம்மையா பெயரில் சாகசப் பயிற்சி நிறுவனம் வைத்திருக்கும் மாநிலம் இது. பயிற்சி பெற்றவர்கள் கையருகே இருக்கும்போது, பள்ளிச் சுற்றுலாவின் முழுப் பாரத்தையும் கணக்கு வாத்தியார் தலையில் கட்டியது யாருடைய மதியூகம்?

பிள்ளைகளைப் பாதுகாப்பாக வெளியே அழைத்துப்போக உருப்படியான ஏற்பாடு வேண்டும். அதை எந்தத் துறை செய்வது என்று அதிகாரிகளே பேசி முடிக்கட்டும்; ஆனால் சீக்கிரம் முடிக்கட்டும். கடற்கரையைப் பாதுகாக்கத் தவறியவர்களில் ஒருவரைக்கூட விசாரிக்காமல், ஆசிரியர்களை மட்டும் சிறைக்கு அனுப்பி இந்தக் கோப்பை மூடுவது அநியாயம்.