கை நடுங்கினால் குற்றமா?

2025 ஜனவரி. ‘மதகஜராஜா’ பட விழா மேடையில் நடிகர் விஷால் மைக் பிடிக்கிறார். கை உதறுகிறது. பேச்சும் சேர்ந்து நடுங்குகிறது. வைரஸ் காய்ச்சல், ஓய்வு தேவை என்று டாக்டரின் அறிக்கை வந்தது. ஆனால், அதற்குள் செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். ஆளுக்கொரு வியாதி, ஆளுக்கொரு கெட்ட பழக்கம் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். காய்ச்சலில் உடம்பு உதறும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். நமக்கு மறந்துவிட்டது!

அதற்கு முந்தைய வருஷம் ஒடிசா. 2024 தேர்தல் நேரத்தில் நவீன் பட்நாயக் மேடையில் பேசுகிறார். அவரது கை நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் வி.கே.பாண்டியன் (நம்ம ஊர்க்காரர்தான்) அந்தக் கையைப் பிடித்து, கேமராவில் படாமல் நகர்த்துகிறார். அந்த வீடியோவை எதிர்க்கட்சித் தலைவர்களே பரப்பினார்கள். அவரது உடல்நிலை கெட்டது எப்படி என்று விசாரிக்கக் குழு அமைப்போம் என்று பிரதமரே பிரசாரக் கூட்டத்தில் பேசினார். 24 வருஷம் முதலமைச்சராக இருந்தவரின் ஆட்சியைப் பற்றிக் கேட்க ஆயிரம் கேள்விகள் இருக்கலாம். தலைவரின் உடல்நலம் பற்றிக் கேட்கவும் வாக்காளருக்கு உரிமை உண்டு. ஆனால், நடுங்கும் ஒரு கை எதற்குச் சாட்சி? அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. கை நடுங்குவதை மறைத்தே ஆக வேண்டும் என்று அந்த மேடையில் ஒருவருக்குத் தோன்றியதே, அது!

உங்கள் வீட்டிலும் இது நடக்கிறது. பெண் பார்க்க வரும் இடத்தில் காபி டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா. பந்தியில் ரசம் கேட்காத அத்தை. கேட்டால், ‘இல்லம்மா, வயித்துக்கு ஆகல’ என்பார்கள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. நாலு பேர் முன்னால் சிந்திவிடுமோ என்ற பயம்.

நடுங்கும் கைக்கு நம்மிடம் நாலே நாலு அர்த்தங்கள்தான் இருக்கின்றன. குடி, பயம், வயசு, நரம்புத் தளர்ச்சி.

இந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் வருகிறேன். மருத்துவப் புத்தகத்தில் தேடினால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு நோய் கிடைக்காது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் கிடைக்கும். ராத்திரி டி.வி-யில் கிடைக்கும். ‘கை கால் நடுக்கமா? இளமையில் செய்த தவறா?’ என்று கேட்டு, இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியர் முகாம் என்பார்கள். இருபது வயசுப் பையன் ஒருவனுக்குத் தேர்வு பயத்திலோ, தூக்கமில்லாமலோ, நாளைக்கு எட்டு டீ குடித்தோ விரல் லேசாக ஆடும். அவன் அந்த லாட்ஜ் படியேறுவான். வாழ்நாள் முழுக்கச் சுமக்கக் குற்ற உணர்ச்சியும், ஆயிரக்கணக்கில் விலை வைத்த லேகியமும் வாங்கிக்கொண்டு இறங்குவான். சுய இன்பத்தால் கை நடுங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 1954-ல் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு எதிராகவே ஒரு மத்திய சட்டம் வந்தது. மருந்து விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. நரம்பு மண்டலக் கோளாறும் அதில் உண்டு, நரம்புத் தளர்ச்சி என்று இவர்கள் சொல்லும் சமாசாரமும் உண்டு. சட்டத்துக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. தளர்ச்சி அதற்குத்தான்!

சரி, நிஜத்தில் கை ஏன் நடுங்குகிறது?

முதலில் ஒரு விஷயம். உங்கள் கையும் நடுங்குகிறது. கையை நீட்டி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஓரம் துடிக்கும். எல்லா உடம்பிலும் விநாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை ஒரு மெல்லிய அதிர்வு இருக்கிறது. கோபம், பயம், களைப்பு, காபி, காய்ச்சல், சர்க்கரை திடீரென்று இறங்குவது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது... இதெல்லாம் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். லாட்ஜ் லேகியத்தைவிட மலிவு.

அடுத்தது, கை ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் வரும் நடுக்கம். மடியில் கை சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. டம்ளரைத் தூக்கினால், பேனா பிடித்தால், ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனால் ஆடும். சிலருக்குத் தலை, ‘ஆமாம் ஆமாம்’ என்றோ ‘இல்லை இல்லை’ என்றோ ஆடும். சிலருக்குக் குரல் உதறும். இதற்கு ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்று பெயர். காரணம் முழுசாகப் பிடிபடாத வியாதிகளுக்கு டாக்டர்கள் வைக்கும் கௌரவமான பெயர் அது. 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இது இருக்கிறது. பல குடும்பங்களில் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிள்ளைக்கு வரும், இளம் வயதிலேயேகூடத் தொடங்கும். ஆகவே ‘வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயசானதால் மட்டும் யாருக்கும் டம்ளர் ஆடுவதில்லை.

இதில் ஒரு விபரீதம் உண்டு. கொஞ்சம் மது உள்ளே போனால் இந்த நடுக்கம் பலருக்குச் சில மணி நேரம் அடங்கிவிடும். ‘என்ன சார், நேத்து ஓவரா?’ என்று ஊர் கேட்கிற மனிதர், குடிக்காததால்தான் நடுங்கிக்கொண்டிருக்கிறார்! அதற்காக அதை மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போதை இறங்கியதும் நடுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பிறகு குடிகாரர் என்ற பட்டம் நிஜமாகவே வந்து சேரும். புரோப்ரனலால், பிரிமிடோன் என்று மாத்திரைகள் இருக்கின்றன. முதலாவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மாத்திரை எல்லாருக்கும் முழுசாகக் கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதுதான் எல்லாரும் பயப்படுகிற பார்க்கின்சன். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இதைப் பற்றி எழுதினார். இது நேர் எதிர். கை சும்மா இருக்கும்போது ஆடும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல உருளும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் குறையும். கூடவே உடம்பு மந்தமாகும், இறுகும், நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். கையெழுத்தைக் கவனித்தால் போதும். எசென்ஷியல் ட்ரெமர்காரர் எழுத்து பெரிசாகி, நெளிந்து, கிறுக்கலாகும். பார்க்கின்சன்காரர் எழுத்து போகப் போகச் சிறுத்து எறும்பு வரிசையாகிவிடும். பார்க்கின்சன் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நடுக்கமே இருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுங்குகிறவர் எல்லாரும் பார்க்கின்சன் இல்லை. நடுங்காதவருக்கு அது இல்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த நோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து லெவோடோபா. அதே லெவோடோபா பூனைக்காலி விதையில் இருக்கிறது என்று 1937-லேயே பிரித்தெடுத்துக் காட்டியவர்கள், சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் ராமசாமியும். பெருமைப்பட வேண்டிய விஷயம். நாம் என்ன செய்கிறோம்? அதே பூனைக்காலிப் பொடியை ‘ஆண்மைக்கு’ என்று விற்கிறோம். பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டருக்குச் சொல்லாமல் இதையும் சேர்த்து விழுங்கினால், ஒரே மருந்தை இரண்டு மடங்கு சாப்பிட்ட மாதிரி ஆகும். எசென்ஷியல் ட்ரெமருக்கோ அதனால் பிரயோஜனமே இல்லை. அது வேறு வியாதி.

இனிமேல்தான் எனக்கு நிஜமான கோபம். சில நடுக்கங்களை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

‘வாயு’ என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால், அசிடிட்டி மாத்திரையோடு லெவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்த கேப்ஸ்யூலைச் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். சல்பிரைடு வகை மருந்து மனநோய்க்குக் கொடுப்பது. மூளையில் டோபமைன் வேலையைத் தடுக்கும். டோபமைன் குறைவதுதானே பார்க்கின்சன்? ஆக, மாசக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களில் சிலருக்கு அசல் பார்க்கின்சன் போலவே கை ஆடும், நடை குறுகும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு வருஷக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின்... இவையும் இதைச் செய்யும். வலிப்பு மாத்திரை வால்ப்ரோயேட், ஆஸ்துமா மருந்து சால்பியூட்டமால் இரண்டும் வேறு விதமாகக் கையை நடுங்க வைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. படிப்பது யார்? கொடுமை என்னவென்றால், இந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த டாக்டர் பார்க்கின்சன் மாத்திரை எழுதுவார். பழைய மாத்திரையும் தொடரும்! காரணமான மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ‘இதில் எது சார் கையை ஆட்டுது?’ என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இளம் வயதில் நடுக்கம் வந்தால் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். வில்சன் நோய். உடம்பில் செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் படியும் நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் கோளாறான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு வரும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் ஊரில் அதற்கான வாய்ப்பு அதிகம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. ‘பையனுக்குப் பயம், பிடிவாதம்’ என்று மந்திரித்துக்கொண்டிருந்தால் ஈரலும் போகும், பேச்சும் போகும்.

வியாதியோடு மல்லுக்கட்டிய மனிதரை அடுத்து நம் ஆபீஸ்கள் பிடித்துக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். முப்பது வருஷம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதியவர். அவருடைய சொந்தப் பென்ஷன் பணத்தை எடுக்க வங்கியில் நாலு தடவை கையெழுத்துப் போட்டார். நாலும் சேரவில்லை. ‘சரியா போடுங்க சார், பின்னாடி க்யூ நிக்குது’ என்றாராம் கவுன்ட்டரில் இருந்த பெண். க்யூ பார்க்கப் பார்க்க நடுக்கம் கூடத்தானே செய்யும்! இதைவிட மோசமும் நடக்கலாம். கையெழுத்து பொருந்தாமல் செக் திரும்பினாலும், நோட்டீஸ் வந்த பிறகு பணம் தராவிட்டால் செக் மோசடி வழக்குப் போடலாம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே கை நடுங்குகிறவர்கள் செக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. பார்க்கின்சன் இருக்கிறது. எசென்ஷியல் ட்ரெமர் என்ற பெயர் இல்லை. ஒரே வங்கி, ஒரே கவுன்ட்டர், ஒரே மாதிரி சிந்தும் மை. ஒருவர் பட்டியலில் இருக்கிறார், இன்னொருவர் இல்லை! நல்லவேளை, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஓர் இளைஞருக்கு, 40 சதவிகித ஊனம் இல்லை என்று சிவில் சர்வீஸ் தேர்வில் எழுத ஆள் தர மறுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 40 சதவிகிதக் கணக்கைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் மத்திய அரசு விதிகளும் வகுத்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கை நடுங்கினால், ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே மருத்துவச் சான்றிதழோடு போய் எழுத ஆள் கேளுங்கள்.

வங்கிக்கும் ஒரு வழி இருக்கிறது, நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை. கையெழுத்துப் போட முடியாத முதியவர்கள், நோயாளிகள் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை சொல்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் அந்த வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாகவே இருக்க வேண்டும். வங்கிக்கே வர முடியாதவர்களுக்கும் இந்த வசதி உண்டு. அடுத்த தடவை உங்கள் தாத்தாவின் கையெழுத்து சேரவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்தால், கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள். நேராக மேனேஜர் அறைக்குப் போய், சுற்றறிக்கையைச் சொல்லி, மை டப்பா கேளுங்கள்.