குறுஞ்சுட்டிகளை நம்பலாமா?

தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே விழுக்காட்டுக் குறியும் எழுத்தும் எண்ணும் கலந்த 45 குறிகளாக நீண்டுவிடும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் நம் எழுத்தும் துணைக்குறியும் தலா மூன்று பைட் பிடிப்பதால் வரும் வினை இது. எஸ்எம்எஸ்ஸிலோ, தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் இடம். நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளை வீண் என்று ஒதுக்க முடியாது. ஆங்கிலக்காரரைவிட நமக்குத்தான் அவை அதிகம் தேவை.

ஆனால், இப்படிச் சுருக்கிய குறுஞ்சுட்டியைச் சொடுக்கினால் நாம் நேரே பக்கத்துக்குப் போவதில்லை. முதலில் இடைத்தரகரின் சர்வருக்குப் போகிறோம். அது தன் பட்டியலைப் பார்த்து உரிய முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. எப்போது, எந்த நாட்டிலிருந்து, எந்தக் கருவியில் சொடுக்கினோம் என்பதையும் குறித்துக்கொள்கிறது. பட்டியல் அழிந்தால், பக்கம் உயிரோடு இருந்தும் வழி போய்விடும்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்பவர்கள் கூகுளின் கதையைப் பார்க்க வேண்டும். 2009-ல் தொடங்கிய தன் சுருக்குச் சேவையை மூடப்போவதாக 2018-ல் அது அறிவித்தது. பழைய சுட்டிகள் இயங்கும் என்றது. 2024 ஜூலையில், அவையும் 2025 ஆகஸ்ட் 25-உடன் நின்றுவிடும் என்றது. கெடு நெருங்கிய வேளையில் மனம் மாறி, 2024-ன் கடைசியில் யாரும் சொடுக்காதவை மட்டும் நிறுத்தப்படும் என்றது. இது சலுகைபோலத் தெரியும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும் சுட்டியை யார் தினமும் சொடுக்குகிறார்கள்? பத்தாண்டு கழித்து ஒரே ஒரு மாணவர் தேடி வருவார்; அவருக்காகத்தான் அடிக்குறிப்பே. அதிகம் காக்கப்பட வேண்டியதை, ஆள் வரவில்லை என்று முதலில் கைவிட்டார்கள்.

பாதுகாப்பும் அப்படித்தான். 2009-ல் கிளிக்ஸ் என்ற சேவைக்குள் ஊடுருவியவர்கள், சுமார் 22 லட்சம் சுட்டிகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். குறுஞ்சுட்டிகளில் வரும் ஆறெழுத்துக் குறிகளைக் கணினியை வைத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தே பிறரின் கோப்புகளை எட்டிவிடலாம் என்று 2016-ல் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். போகுமிடத்தை மறைக்கும் சுட்டி மோசடிக்காரர்களுக்கு எவ்வளவு வசதி என்பதைச் சொல்லவே வேண்டாம். முன்பதிவு செய்யாத சுட்டிகள் கொண்ட வணிக எஸ்எம்எஸ்களை 2024 அக்டோபர் முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி தொலைபேசி நிறுவனங்கள் தடுத்துவருகின்றன. (பிட்லி என்ற சுருக்குச் சேவையின் சுட்டி முடிவில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திறந்தால், அது எங்கே போகும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். பலருக்கு இது தெரியாது.)

சுருக்குவதில் தவறில்லை, பட்டியல் யார் கையில் என்பதுதான் விஷயம். விக்கிமீடியா தன் தளங்களுக்கென்றே சொந்தக் குறுமுகவரி வைத்திருக்கிறது. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் நாளிதழ்களும் தங்கள் தளத்திலேயே இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை. நாளைக்குள் மறந்துவிடும் அழைப்பிதழுக்கு எந்த இலவசச் சேவையும் போதும். பாடநூல், ஆய்வேடு, அரசாணை ஆகியவற்றில் மட்டும் முழு முகவரியையே அச்சிடுங்கள், எத்தனை வரி ஆனாலும்.