கூரையைப் பிரிக்காத சபைகள்

தியானப் பகுதி: மாற்கு 2:1–12



கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர்களுக்கு வழிவிடாமல் வாசலை அடைத்து நின்றவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. அவர்கள் வழிப்பறிக்காரர்கள் அல்லர். ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க ஆவலோடு வந்து கூடிய ஜனங்கள். வசனம் கேட்டுக்கொண்டிருந்தவர்களே வாசலை மறித்தார்கள்.

இன்று தேனி மாவட்டத்தில், நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கில், ஆட்டிசம் உள்ள ஏழைக் குழந்தைகளின் வாசலை மறித்து நிற்பவர்கள் நாமே. கடினமான சொல்தான். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

ஆட்டிசத்தை அரசுப் படிவங்கள் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று குறிப்பிடுகின்றன. அந்தப் பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. குழந்தைக்குப் புற உலகம் இல்லாமலில்லை. அதன் ஓசையும் ஒளியும் தொடுதலும் பேச்சும் வேறுவிதமாக வந்து சேருகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதாகியும் சொற்கள் சேராமை ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியையும் பிற பயிற்சிகளையும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். மூளை விரைந்து வளரும் அந்த ஆண்டுகள் மறுபடி வருவதில்லை.

அந்த ஆண்டுகளை நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பெற்றோரின் பாவம், முன்னோரின் சாபம், அசுத்த ஆவியின் கட்டு என்று சொல்லி, ஓர் உபவாச ஜெபத்திலிருந்து அடுத்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு அந்தத் தாயை அலையவிடுகிறோம். யாருடைய பாவம் என்ற கேள்வியை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் கேட்டார்கள். ஆண்டவர் அந்தப் பழியை ஏற்கவில்லை. அவர் மறுத்ததைப் பிரசங்க பீடத்திலிருந்து போதிக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

“அரசு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறதே, சபை எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அரசு தருவது உண்மைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை சென்று குழந்தைகளைப் பரிசோதிப்பதற்கும், மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் கட்டணமின்றிப் பயிற்சி அளிப்பதற்கும் 2013 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

ஆனால் கூடலூரிலும் கம்பத்திலும் போடியிலும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கி ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கு அதற்கும் அப்பால். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முழுநாள் போய்விடும். அந்த நாளின் கூலியும் போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதத்துக்கு எட்டு நாள் கூலி. பயிற்சிக்குத்தான் கட்டணமில்லை, கூலியை யார் தருவார்? அருகிலுள்ள தனியார் மையத்துக்குப் போனாலோ ஒவ்வோர் அமர்வுக்கும் சில நூறு ரூபாய். காப்பீடு இருந்தாலும் முதலில் கைப்பணத்தைச் செலவழித்து, ரசீதை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவருக்கு அந்தக் காப்பீடும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீர், 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்குக்காகப் பொங்கலிடும் ஊர் நம்முடையது. அணையை மட்டும் கட்டிச் சுரங்கத்தை வெட்டாமல் விட்டிருந்தால் இங்கே நெல் ஏது, திராட்சை ஏது? ஆட்டிசக் குழந்தைகளுக்கான அரசின் ஏற்பாடுகள் அப்படித்தான் மேலே தேங்கி நிற்கின்றன. கடைமடைக்கு வாய்க்கால் வெட்டுவது அக்கம்பக்கத்தாராகிய நம் கடமை.

ஆகவே ஒவ்வொரு சபையும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். முதலாவது, பயிற்சிக்குச் செல்லும் நாளின் கூலியைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள். பிச்சையாக அல்ல, அந்தக் குழந்தைக்குச் சேரவேண்டிய பங்காக. இரண்டாவது, ஒரு சுழல் நிதியை ஏற்படுத்துங்கள். காப்பீட்டுப் பணம் வரும்வரை ரசீதுத் தொகையை அது முன்பணமாகத் தரட்டும். படிவங்களை நிரப்ப நம் வாலிபர்கள் உதவட்டும். மூன்றாவது, வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் ஞாயிறு பள்ளிக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். சில சபைகள் கூடிச் செலவைப் பகிர்ந்தால், பயிற்சியாளரே வாரம் ஒருமுறை கம்பத்துக்கோ சின்னமனூருக்கோ வர முடியும். குழந்தை எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். உதவியைத் தூண்டிலாக்காதீர்கள்.

“நம்மிடம் நிபுணர்கள் இல்லையே” என்பது சாக்கு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளியானது. அதில் வீடுகளுக்குச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி தந்தவர்கள் மருத்துவ நிபுணர்கள் அல்லர். பழக்கப்படுத்தப்பட்ட சாதாரண நலப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கை அறிந்து இசைந்து நடந்தார்கள். பிள்ளைகளும் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவது கூடியது. முறையாகக் கற்றுக்கொடுத்தால் நம் சகோதரிகளால் இது ஆகாதா?

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவனை வாழ்த்தி வெறுங்கையாய் அனுப்பும் பக்தியை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை அவருடைய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கன்வென்ஷன் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு தாயின் எட்டு நாள் கூலி மட்டும் எட்டாத தொகையா?

கூரையைப் பிரித்தார்களே என்று அந்த வீட்டுக்காரர் முறையிட்டதாக மாற்கு எழுதவில்லை. நம் சபைக் கமிட்டிகள் அந்த வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளட்டும்.

ஆண்டவரே, வாசலில் நிற்கும் எங்களை விலகி நிற்கச் செய்யும். பின்பு எங்கள் தோள்களையும் அந்தச் சுமைக்குத் தாரும். ஆமென்.