'தீங்கற்ற கட்டி'யாம்... யாருக்கு?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மெடிக்கல் மேட்டர்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இது வட்டிக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. அதனால சொல்றேன்.

தாடையில வர்ற அபூர்வமான கட்டிகள்ல அமெலோபிளாஸ்டோமான்னு ஒண்ணு. பல்லை உருவாக்குற செல்களோட மிச்சத்துல இருந்து வருது. பெரும்பாலும் கீழ்த்தாடையில, கடைவாய்ப் பல் பக்கம். புற்றுநோய் இல்லைங்கறதால 'தீங்கற்ற கட்டி'ன்னு பேர் வச்சுட்டாங்க. கேட்டதும் அப்பாடான்னு வீட்டுக்குப் போயிடுறோம். என் சண்டையே இந்த வார்த்தையோடதான்!

தீங்கற்றதா? வலியே இல்லாம, வருஷக்கணக்கா, எலும்பை உள்ளேயிருந்து தின்னும். பல் ஆடும், முகம் கோணும், எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலியும். வலிச்சாத்தான் நோய்னு நினைக்கிற நமக்கு இதைவிட என்ன தீங்கு வேணும்?

செங்கல்பட்டு 2019ல தனி மாவட்டமாச்சு. மேல்மருவத்தூர், கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர்னு பல் மருத்துவக் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனா கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் எந்தக் குப்பத்துல கன்னம் வீங்கினாலும் முதல்ல போறது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். சொத்தைப்பல்லுன்னு நாமளே முடிவு பண்ணிடுவோம். ஓபிஜின்னு ஒரு எக்ஸ்ரே இருக்குங்க. மொத்தத் தாடையும் ஒரே படத்துல தெரியும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. சந்தேகம்னா கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸி. அவ்வளவுதான்.

அடுத்த கூத்து ஆபரேஷன்ல. "சும்மா சுரண்டி எடுத்துடுங்க டாக்டர், செலவு கம்மியாகும்" அப்படிம்போம். இந்தக் கட்டி பக்கத்து எலும்புக்குள்ளயும் ஊடுருவி நிக்கும். சுரண்டினா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனாலதான் சுத்தி ஒண்ணு ரெண்டு செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுறாங்க. ஒரே பை மாதிரி இருக்கிற வகைன்னா, அதுலயும் சின்ன வயசுன்னா, சில சமயம் சுரண்டலே போதும். ஆனா அதை டாக்டர் பயாப்ஸியைப் பார்த்து முடிவு பண்ணணும். நாம பர்ஸைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

இப்ப வட்டிக்கு வருவோம். சீக்கிரம் பார்த்தா சின்ன வெட்டு. தள்ளிப் போட்டா பாதித் தாடை போகும். அப்புறம் கால்ல இருந்து ஃபிபுலாங்கற ஒல்லி எலும்பை ரத்தக்குழாயோட எடுத்து, தாடையில பொருத்தி, மைக்ரோஸ்கோப்புல பார்த்து குழாயைத் தைக்கணும். பல மணி நேர வேலை. அதுக்கப்புறம் பல் கட்டணும். அசல் கொஞ்சம், வட்டி மலை... கந்துவட்டிக் கதையேதான்!

2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. நல்ல விஷயம். அப்படியே வாயைத் திறக்கச் சொல்லி தாடையையும் ஒரு தடவை தடவிப் பார்த்தா என்ன குறைஞ்சுடும்?

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'தீங்கற்ற'ன்னு சொல்லி அனுப்பாதீங்க. "புற்றுநோய் இல்லை, ஆனா விட்டா தாடையைத் தின்னுடும்"னு சொல்லுங்க. நாலு வார்த்தை கூடத்தான். ஒரு முகம் மிச்சமாகும்.