காதில் ஆபரேஷன், வாயில் வறட்சி!

காதில் சீழ் வடிகிறது. செவிப்பறையில் ஓட்டை. டாக்டர் ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது. ஆனால், வாய் காய்ந்து போகிறது!

ஊரப்பாக்கத்தில் ஒரு குடும்பத் தலைவிக்கு இப்படி நேருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"மாத்திரைச் சூடு, மோர் குடி" என்பார் மாமியார். "சர்க்கரை வியாதியோ?" என்று பயப்படுவார் கணவர். அந்த அம்மாளின் கவலையோ வேறு. குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிறார். உப்பு தெரியவில்லை. இரும்பை நக்கியது போல் இருக்கிறது!

காதுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

நூல் போன்ற நரம்பு

சம்பந்தம் உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் சிறிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே, நூல் போல ஒரு நரம்பு ஓடுகிறது. 'கார்டா டிம்பனி' என்பது அதன் பெயர். காது கேட்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. காது அதற்கு வெறும் வழிதான்!

அது நாக்குக்குப் போகிற நரம்பு. நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை தெரிவது அதனால்தான். தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள சுரப்பிகளில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்வதும் அதுதான்.

ஆபரேஷனில் இந்த நரம்பு இழுபடலாம், அறுபடவும் செய்யலாம். அது எப்போதும் டாக்டரின் தவறு அல்ல. எலும்பை அரிக்கும் நோயாக இருந்தால், நரம்பை வெட்டித்தான் நோயை எடுக்க வேண்டியிருக்கும். பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், அந்த நோய் மூளை வரை போகக்கூடும்.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தொல்லை குறைந்துவிடும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ஏன் சொல்லவில்லை?

தொல்லையை விடப் பெரியது, காரணம் தெரியாத பயம். ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு நிமிடம் பேசினால் அந்தப் பயம் இராது. தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதுமா?

முக்கியமான அபாயங்களை நோயாளிக்கு விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எப்போதோ ஒருவருக்கு வரும் அபாயத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆனால், சுவை மாறுவது அப்படி அபூர்வமானது அல்ல. காது டாக்டர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். சமையல்காரருக்கும், டீ ருசி பார்த்துப் பிழைப்பவருக்கும் அது வயிற்றுப் பிழைப்பு! இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளியும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

வாய் வறண்டால் அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம். புகையிலை கூடாது. எந்நேரமும் மிட்டாய் சப்புவதும் கூடாது. உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். வறட்சி நீடித்தால் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நல்லது. வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையாலும் வாய் வறளும்.

அடுத்த காது

ஒரு பக்க நரம்பு போனாலும், மறு பக்க நரம்பு ஓரளவு சமாளித்துவிடும். இரண்டும் போனால்தான் கஷ்டம். வறட்சி நிலைத்துவிடக் கூடும்.

ஆகையால், இரண்டாவது காதில் ஆபரேஷன் என்றால், முதல் காதில் நடந்ததை டாக்டர் அறிந்திருக்க வேண்டும். ஊரப்பாக்கத்தில் மின்சார ரெயில் ஏறி, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சென்னைக்குப் போனாலும் சரி, பழைய ஆபரேஷன் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.