ஆப்பரா அரட்டை: ஜீன்ஸ் போட்ட தளபதி

தீசிஸை ஓரங்கட்டிட்டு ஊர்வம்பு பேச வந்தாச்சு.

மிலான், லா ஸ்காலா. 2006 டிசம்பர் 10. வெர்டியோட 'ஐடா'. இதுல டெனர் பாடு திண்டாட்டம்தான். திரை தூக்கின கொஞ்ச நேரத்துலயே, தொண்டை சூடாகறதுக்கு முன்னாடி, பெரிய பாட்டைப் பாடியாகணும். ரொபெர்த்தோ அலான்யா பாடி முடிச்சதும் மேல்மாடத்துலேர்ந்து 'பூ'ன்னு ஒரே கூச்சல். (அந்த மாடத்து ரசிகர்களுக்கு 'லொஜ்ஜோனிஸ்தி'ன்னு தனிப் பேரே உண்டு. 1992-ல பவரொட்டியையே விடாத புண்ணியவான்கள்!) மனுஷன் கையைத் தூக்கி ஒரு சல்யூட் வச்சார். அப்புறம் விடு ஜூட்!

மேடையில மெஸ்ஸோ அம்மணி தனியா நிக்கறாங்க, கூடப் பாட ஆள் இல்லை. மாற்றுப் பாடகர் அந்தொனெல்லோ பலோம்பியை அப்படியே உள்ள தள்ளி விட்டாங்க. கறுப்புச் சட்டை, ஜீன்ஸ். சுத்தி எல்லாரும் எகிப்து வேஷம்!

ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சு போச்சுன்னார் அலான்யா. மிச்ச காட்சிகளுக்கு லா ஸ்காலா அவரைச் சேர்த்துக்கலை.

ஊரெல்லாம் அலான்யா பேச்சு. எனக்கென்னவோ பலோம்பியைத்தான் பிடிக்குது. கடுப்புல இருக்கற கூட்டத்து முன்னாடி, வேஷம்கூட இல்லாம வாயைத் திறக்கணுமே சாமி!

போன பிரசன்டேஷன்ல மூணாவது ஸ்லைடுக்கே ஒரு புரொபசர் கொட்டாவி விட்டார். நானும் சல்யூட் வச்சிருப்பேன். மாற்று ஆள் இல்லை, அதனால நின்னேன். வர்ற வியாழன் அடுத்த ரவுண்டு, அதே புரொபசர்.

ஜீன்ஸைத் துவைச்சுக் காயப் போட்டாச்சு.